யார் தோளில் அந்தப் பாரம்?

குற்றக் கதை என்றவுடன் நம் அனைவர்க்கும் பழகிப்போன ஓர் அமைப்பு நினைவுக்கு வரும். கொலையொன்று நிகழும், பலர்மீது ஐயம் எழும், துப்பறியும் நிபுணர் ஒருவர் தோன்றுவார், இறுதி அத்தியாயத்தில் கொலைகாரன் அகப்படுவான். வாசகரும் நிம்மதியோடு நூலை மூடி வைப்பார். குற்றவாளி வேறொருவன் என்று உறுதிப்பட்டதால் உண்டாகும் நிம்மதி அது. அந்த நிம்மதியைத் தர மறுக்கும் ஈரானியத் திரைப்படம் ஒன்றை அண்மையில் கண்டோம். கண்ட நாள்முதல் அது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. குடும்பங்கள் கூடிப் படிக்கும் இவ்விதழில் அதுபற்றிய சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்வது நன்று எனக் கருதுகின்றோம்.

படத்தின் பெயர் பாரசீக மொழியில் ‘பெதூனே தாரீக், பெதூனே எம்சா’. ‘தேதியில்லை, கையொப்பமில்லை’ என்பது அதன் பொருள். வஹீத் ஜலீல்வந்த் என்பார் இயக்கியது. 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவின் ‘ஒரிசோந்தி’ என்னும் பிரிவில் சிறந்த இயக்குநருக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. சிறந்த நடிகருக்கான பரிசு, இதில் ஏழைத் தந்தையாக நடித்த நவீத் முகம்மதுசாதேக்குக் கிடைத்தது. 2018ஆம் ஆண்டில் ஆஸ்கார் போட்டிக்கு ஈரான் தன் சார்பில் அனுப்பிய படமும் இதுவே. பரிசுகள் ஒருபுறம் இருக்கட்டும், கதைக்கு வருவோம்.

காவே நரிமன் என்பவர் ஒரு சட்ட மருத்துவர். ஐயத்துக்கிடமான முறையில் இறந்தோரின் உடலைப் பரிசோதித்து, இறப்பின் காரணத்தை எழுதிக் கையொப்பமிடுவது அவர் தொழில். கண்ணியமானவர், தம் துறையில் நேர்மையானவர் எனப் பெயர் பெற்றவர். ஓர் இரவு அவர் ஓட்டிச் செல்லும் கார், குடும்பமொன்று ஏறிச்சென்ற மோட்டார் சைக்கிள்மீது மோதிவிடுகின்றது. கணவன் மூசா, மனைவி லைலா, இரு பிள்ளைகள். எட்டு வயது மகன் அமீர் அலிக்குத் தலையிலும் கழுத்திலும் அடிபட்டிருக்கின்றது. மருத்துவர் அங்கேயே அவனைத் தொட்டுப் பார்க்கின்றார்; பெரிய ஆபத்து ஒன்றும் தெரியவில்லை. எனினும் அருகிலுள்ள மருத்துவமனையில் காட்டிவிடுமாறு வற்புறுத்திப் பணமும் கொடுக்கின்றார். காவல்துறையை எவரும் அழைக்கவில்லை. மூசாவோ மகனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவில்லை.

மறுநாள் நரிமன் பணியாற்றும் இடத்துக்கு ஒரு சிறுவனின் உடல் வருகின்றது. அமீர் அலியின் உடல்தான். பரிசோதனை செய்பவர் அவருடைய சக மருத்துவர் சாயே. பையன் நச்சுணவால் இறந்தான் என்பது அவர் முடிவு. ‘பொட்டுலிசம்’ என்று மருத்துவ நூல்கள் கூறும் கொடிய நஞ்சு அது. ‘பொத்துலுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு இறைச்சிக் குழல் என்று பொருள். கெட்டுப்போன இறைச்சிக் குழல்களைத் தின்று மாண்டவர்களால் அந்த நோய்க்கு இப்பெயர் வந்தது. நரம்புகளை ஒடுக்கி, இறுதியில் மூச்சையே நிறுத்திவிடும் நஞ்சு. வறுமையின் காரணமாக மூசா மலிவு விலைக்கு வாங்கி வந்த கெட்டுப்போன கோழி இறைச்சியே மகனின் உயிரைக் குடித்தது என்று அறிக்கை கூறுகின்றது.

நரிமனுக்கு இது விடுதலைச் சீட்டு. அவர் கார் மோதியதால் பையன் சாகவில்லை என்று தகுதிவாய்ந்த மருத்துவர் ஒருவர் எழுதிவிட்டார். வாய்மூடி இருந்தால் போதும். எவரும் அவரைக் கேட்கப் போவதில்லை. அவரும் முதலில் வாய்மூடித்தான் இருக்கின்றார். ஆனால் அவருடைய மருத்துவ அறிவு அவரை உறங்கவிடவில்லை. கழுத்தெலும்பில் ஏற்பட்ட நுண்ணிய முறிவு முதல் பரிசோதனையில் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் அல்லவா? நஞ்சு உடலில் இருந்தது உண்மை. உயிரைப் பறித்தது நஞ்சுதானா, கழுத்தில் பட்ட அடிதானா? இதுவே இப்படத்தின் மர்மம். கொன்றவன் யார் என்று தேடும் கதைகள் ஏராளம். கொன்றது எது என்று தேடும் கதை இது. தேடுகின்றவனே குற்றவாளியாகக் கூடும் என்பது இதன் கூர்மை.

சற்று நின்று எண்ணிப் பார்த்தால், அச்சிறுவனின் மரணத்தைச் சுற்றி எத்தனை பேர் நிற்கின்றனர்! காரோட்டிய மருத்துவர் ஒருவர். மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாத தந்தை ஒருவர். கெட்ட இறைச்சி என்றறிந்தும் ஏழைக்கு விற்ற கோழிக் கூடத்துத் தொழிலாளி ஒருவன். அன்போடு அதைச் சமைத்துப் பரிமாறிய தாய் ஒருத்தி. நல்ல இறைச்சி வாங்க இயலாத நிலையில் ஒரு குடும்பத்தை வைத்திருக்கும் சமுதாயம் ஒன்று. இவர்களுள் எவரும் அச்சிறுவன் சாகவேண்டுமென விரும்பவில்லை. ஆயினும் அவன் இறந்துவிட்டான். குற்றம் இத்தனை கைகளில் பகிர்ந்து கிடக்கும்போது நீதி எந்தக் கதவைத் தட்டும்?

ஈரான் நாட்டுச் சட்டம் இத்தகைய வழக்குகளை எவ்வாறு நோக்குகின்றது என்பதை அறிந்துகொண்டால் படம் இன்னும் நன்கு விளங்கும். அங்கே 2013ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி, திட்டமிட்ட கொலைக்கு ‘கிசாஸ்’ எனப்படும் உயிருக்கு உயிர் என்னும் தண்டனை உண்டு. அதை நிறைவேற்றக் கேட்பதா, இழப்பீடு பெற்றுக்கொண்டு விடுவதா, ஒன்றும் பெறாமலே மன்னிப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை இறந்தவரின் நெருங்கிய உறவினரிடம் இருக்கின்றது. ‘இரத்தத்துக்கு உரியோர்’ என்று அவர்களைச் சட்டம் அழைக்கின்றது. விபத்து போன்ற தவறுகளால் நேரும் மரணத்துக்கு ‘தியா’ என்னும் இழப்பீடு தரப்படவேண்டும். அதன் தொகையை நீதித்துறை ஆண்டுதோறும் அறிவிக்கின்றது. தமிழில் இதனை இரத்தப் பணம் என்போம். அச்சொல்லைக் கேட்டவுடன் யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக் காசுகள் நம் நினைவுக்கு வருவதால் அது நமக்கு இழிவாக ஒலிக்கின்றது. ஆனால் அதன் நோக்கம் இழிவானதன்று. இறந்தவனின் உயிருக்கு மதிப்புண்டு, அக்குடும்பத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் ஒருவன் இருக்கின்றான் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது.

துயருற்ற குடும்பத்தின் கையில் இவ்வளவு பெரிய அதிகாரத்தை வைக்கும் சட்டத்திலிருந்து ஈரானியத் திரைப்படங்கள் பல பிறந்துள்ளன. அஸ்கர் பர்ஹாதி 2004ஆம் ஆண்டில் எடுத்த ‘அழகிய நகரம்’ என்ற படத்தில், கொலையுண்ட மகளுக்காக உயிருக்கு உயிர் கேட்டு நிற்கும் தந்தையின் மனத்தை மாற்ற இருவர் அவர் வீட்டு வாசலில் மீண்டும் மீண்டும் வந்து நிற்பதைக் காண்கின்றோம். அங்கே நீதி என்பது நீதிமன்றத்தோடு முடிந்துவிடவில்லை; துக்க வீட்டின் வாசல்வரை வருகின்றது.

நம் படத்துக்குத் திரும்புவோம். மருத்துவ அறிக்கையை அறிந்தபின் மூசாவின் நிலை என்ன? தன் கையால் வாங்கி வந்த உணவு தன் மகனைக் கொன்றுவிட்டது என்ற எண்ணத்தோடு அவன் வாழவேண்டும். அந்தச் சட்டத்தில் குறிப்பிடத்தக்க விதியொன்று உண்டு. பெற்ற பிள்ளையைக் கொன்ற தந்தைக்கு உயிருக்கு உயிர் என்னும் தண்டனை இல்லை. சட்டம் தந்தைக்கு விலக்களித்தாலும், தந்தையின் நெஞ்சம் தனக்கு விலக்களிக்குமா? அந்தத் தீயைத் தாங்கமாட்டாமல் மூசா, இறைச்சி விற்றவனைத் தேடிக் கோழிக் கூடத்துக்கு ஓடுகின்றான், அவனை வெறிகொண்டு தாக்குகின்றான், சிறைக்குப் போகின்றான். மகனை இழந்த லைலா இப்போது கணவனையும் இழந்தவள்போல் நிற்கின்றாள். அவள் பற்றி இழுப்பதற்கு ஆராய்ச்சி மணி எதுவும் இல்லை.

இக்காட்சிகளைக் கண்டபோது, குருத்துவப் பணியில் நாம் சென்றிருந்த துக்க வீடுகள் பல நம் நினைவில் எழுந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் தொடக்கத்தில் அழுவர், பிறகு மௌனமாவர், அதன்பின் ஒரு நாள், உறவினர் அனைவரும் போனபின், மெல்லிய குரலில் ஒரு வாக்கியத்தைச் சொல்வர். “அன்றைக்கு அவனை வெளியே விடாமல் இருந்திருந்தால், சுவாமி...” “காய்ச்சல் என்றபோதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால்...” ‘இருந்திருந்தால்’ என்னும் அந்தச் சொல்லைவிடக் கொடிய சொல்லை நாம் எந்த மொழியிலும் கேட்டதில்லை. குருமடத்தில் பல ஆண்டுகள் படித்த இறையியல் எதுவும் அந்தச் சொல்லுக்கு உடனடியாக விடை தருவதில்லை. அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதே அந்நேரத்தில் நாம் செய்யக்கூடியது. அப்பெற்றோர் சுமப்பது வெறும் துயரமன்று. துயரத்தோடு பழியையும் சேர்த்துச் சுமக்கின்றனர். துயரத்தை எவராலும் அகற்ற இயலாது. பழியை அகற்றக்கூடியவர் சில வேளைகளில் உண்டு. உண்மை அறிந்தவர் அவர்.

இங்கேதான் மருத்துவர் நரிமனின் மௌனத்தினுடைய முழுப் பொருளும் விளங்குகின்றது. தாம் பேசாதிருப்பதால் தமக்கு வரும் தண்டனை மட்டுமே தள்ளிப்போகின்றது என்று அவர் எண்ணியிருக்கலாம். நடந்தது வேறு. அவர் இறக்கி வைத்த பாரம் தரையில் விழவில்லை. மூசாவின் தோளில் போய் ஏறிக்கொண்டது. மௌனம் எந்தப் பாரத்தையும் அழிப்பதில்லை. அது பாரத்தை ஆள் மாற்றி வைக்கின்றது. பெரும்பாலும் எவன் ஏற்கெனவே அதிகம் சுமக்கின்றானோ, எவனுக்காகப் பேச ஆளில்லையோ, அவன்மீதே கொண்டுபோய் வைக்கின்றது. படம் நமக்கு உணர்த்தும் தலையாய உண்மை இதுவே என்பது நம் கருத்து.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க மற்றொரு படமும் ஈரானிலிருந்து வந்துள்ளது. அஸ்கர் பர்ஹாதியின் ‘ஒரு பிரிவு’ 2011ஆம் ஆண்டில் பெர்லின் விழாவின் தங்கக் கரடியையும், 2012ஆம் ஆண்டில் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் பரிசையும் பெற்றது. அதில் நாதர் என்பவர், முதிய தந்தையைக் கவனிக்க வந்த ராசியே என்னும் ஏழைப் பெண்ணைச் சினத்தில் வாசலுக்கு வெளியே தள்ளுகின்றார், அவளுக்குக் கருச்சிதைவு நேர்கின்றது, வழக்கு எழுகின்றது. இழப்பீட்டுப் பணம் கைக்கு வரவிருக்கும் நேரத்தில், தள்ளியதால்தான் சிசு இறந்தது என்று குர்ஆன்மீது ஆணையிடுமாறு அவளிடம் கேட்கின்றனர். அவளால் இயலவில்லை. அதற்கு முன்னரே ஒரு கார் அவள்மீது மோதியிருந்தது. எந்த அடியால் சிசு இறந்தது என்ற ஐயம் அவள் உள்ளத்தில் இருந்தது. கடன்காரர்கள் வீட்டில் வந்து அமர்ந்திருந்தும், குடும்பமே அப்பணத்தை நம்பியிருந்தும் அவள் பொய்யாணை இடவில்லை.

இவ்விரு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பின் வியப்பு மேலிடுகின்றது. இரண்டிலும் கேள்வி ஒன்றே: எந்த அடி கொன்றது? ஒன்றில், ஏழைப்பெண் ஒருத்தியின் ஐயம் அவளுக்கு வரவேண்டிய பணத்தைத் தடுக்கின்றது. மற்றொன்றில், வசதிபடைத்த மருத்துவர் ஒருவரின் ஐயம் அவருக்குக் கிடைத்துவிட்ட விடுதலையைக் குலைக்கின்றது. பணத்துக்கும் பாதுகாப்புக்கும் அப்பால், உண்மை எதுவோ அதன்மீது நிற்கவேண்டும் என்ற மனச்சான்றின் குரலை இருவருமே கேட்கின்றனர். கேட்டதற்கு விலையும் கொடுக்கின்றனர்.

நரிமன் கொடுக்கும் விலை எளிதன்று. புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறுபடியும் பரிசோதிக்கும் நிலைக்கு அவர் வருகின்றார். இங்கே வாசகர் ஒருவர் நியாயமாகவே ஒரு கேள்வி எழுப்பலாம். “புதைத்த பிள்ளையை மீண்டும் வெளியே எடுப்பது அந்தத் தாயின் புண்ணை மீண்டும் கிளறுவதாகாதா? மருத்துவர் தம் மனத்தின் உறுத்தலைத் தீர்த்துக்கொள்வதற்காக ஏழைக் குடும்பத்தை இரண்டாம் முறை வாட்டுகின்றாரா?” படமும் இக்கேள்வியை மழுப்பவில்லை.

மனச்சான்றும் நோய்ப்படுவதுண்டு என்று அறநெறி இயலில் கற்றிருக்கின்றோம். செய்யாத குற்றத்தையும் செய்ததாக எண்ணி வருந்துவோர் உளர். சிறு தவற்றைப் பெரும்பாவமாக ஊதிப் பெருக்கிக்கொள்வோரும் உளர். ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்திருக்கும் குருக்கள் அத்தகையோரைக் கனிவோடு நடத்த வேண்டுமென்பது பழைய அறிவுரை. நரிமன் அத்தகையவரா? சாயேயின் அறிக்கையை நம்பி அவர் அமைதியாக இருந்திருக்கலாகாதா?

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய எளிய வழியொன்று உண்டு. நோய்ப்பட்ட மனச்சான்று ஓயாமல் தன்னையே சுற்றிச் சுற்றி வரும். ‘நான் குற்றவாளியா? என் நிலை என்ன?’ என்பதே அதன் பல்லவி. நலமுள்ள மனச்சான்றோ, வெளியே நிற்கும் இன்னொருவனைச் சுட்டிக்காட்டும். ‘என் மௌனத்தால் அழிகின்றவன் யார்?’ என்று கேட்கும். மூசா சிறையில் இருக்கின்றான். மகனைக் கொன்றது தன் வறுமையே என்ற நினைப்பில் வெந்துகொண்டிருக்கின்றான். அந்த நினைப்பு தவறாக இருக்கக்கூடும் என்பதை அறிந்தவர் ஒரே ஒருவர்தான். ஆகவே நரிமனின் உறுத்தல் நோயன்று, கடன்.

அவர் இறுதியில் என்ன கண்டார், அதனால் மூசாவுக்கு என்ன பயன் விளைந்தது என்பதை நாம் இங்கே வெளியிடப் போவதில்லை. படத்தைக் காண விரும்புவோரின் உரிமையை நாம் பறிக்கலாகாது. உண்மை எல்லாப் புண்களையும் ஆற்றிவிடும் என்ற இனிப்பான பொய்யை இயக்குநர் நமக்கு ஊட்டவில்லை என்பதை மட்டும் சொல்லி அமைகின்றோம்.

இப்படத்தைப்பற்றி எண்ணும்போதெல்லாம் மறைநூலின் மூலையில் கிடக்கும் சட்டமொன்று நம் நினைவுக்கு வருகின்றது. முன்பு உபாகமம் என வழங்கி, இன்று இணைச்சட்டம் என நாம் படிக்கும் நூலின் 21ஆம் அதிகாரத்தில் அது உள்ளது. வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கின்றான். கொன்றவன் யார் எனத் தெரியவில்லை. அப்போது மூப்பர்களும் நடுவர்களும் வரவேண்டும். பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்கள்வரை தொலைவை அளக்கவேண்டும். எந்த ஊர் மிக அருகில் இருக்கின்றதோ, அவ்வூர்ப் பெரியோர் முன்வந்து பரிகாரச் சடங்கைச் செய்து, தங்கள் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தைச் சிந்தியவர்கள் தாங்கள் அல்லர் என்று கடவுள் முன்னிலையில் அறிக்கையிட வேண்டும்.

என்னே நுட்பமான சட்டம்! அவ்வூரார் கொலை செய்தார்கள் என்று அது கூறவில்லை. ஆனால் கொலைக்கும் தங்களுக்கும் உள்ள தொலைவை அளக்காமல் கை கழுவ அவர்களுக்கு உரிமையில்லை. முதலில் அளவுகோல், பிறகே தண்ணீர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் எருசலேமில் மற்றொருவனும் கை கழுவினான். ஆளுநன் பிலாத்து எதையும் அளந்து பார்க்கவில்லை. நேரே தண்ணீரைக் கேட்டு வாங்கினான். இரு சாராரும் கழுவியது தண்ணீரில்தான். வேறுபாடு அளவுகோலில் இருக்கின்றது.

மருத்துவர் நரிமன் கையில் தண்ணீர் தயாராக இருந்தது. தகுதியுள்ள மருத்துவர் எழுதிய அறிக்கையைவிடத் தூய தண்ணீர் வேறு ஏது? ஆனால் அவர் அதைக் கீழே வைத்துவிட்டு அளவுகோலை எடுத்தார். அச்சிறுவனின் உடலுக்கும் தமக்கும் இடையே உள்ள தொலைவைத் தாமே குனிந்து அளந்தார். படத்தில் நம் உள்ளத்தைத் தொட்ட வீரம் அதுவே.

இப்போது படத்தின் பெயர் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதையும் உய்த்துணரலாம். தேதியும் கையொப்பமும் இல்லாத பத்திரம் எந்த அலுவலகத்திலும் செல்லாது. அதில் எழுதியிருப்பது முழு உண்மையாகவே இருக்கலாம்; ஆயினும் அதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லாததால் அது வெற்றுத்தாள். நம் ஊர்களிலும் குடும்பங்களிலும் உலவும் உண்மைகள் பல இத்தகையன. எல்லாருக்கும் தெரியும், எவரும் தம் பெயரைச் சொல்லி உரைப்பதில்லை. “அப்படி நடந்திருக்கக்கூடாது” என்போம்; “நான் செய்தேன்” என்று சொல்லமாட்டோம். சொத்துப் பங்கீட்டில் ஏமாற்றப்பட்ட தங்கை, வீண்பழி சுமந்து வீட்டைவிட்டுப் போன மருமகள், செய்யாத தவற்றுக்கு வேலையிழந்த பணியாள்: இவர்களுடைய தோளில் இருக்கும் பாரத்தில் பாதி, வேறொருவர் கையொப்பமிட மறுத்ததால் வந்தது.

பெற்றோர்க்கு ஒரு குறிப்பு. இப்படத்தில் பிணப் பரிசோதனைக் கூடமும் கோழிக் கூடமும் ஒளிவுமறைவின்றிக் காட்டப்படுகின்றன. சிறுவர்க்கு ஏற்றதன்று. வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து காணலாம். கண்டபின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஒரு கேள்வியை நடுவில் வைத்துப் பேசலாம்: ‘அமீர் அலியின் சாவுக்கு யார் பொறுப்பு?’ ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொல்வர். சொல்லட்டும். அதன்பின் இரண்டாவது கேள்வியை ஒவ்வொருவரும் தமக்குள்ளேயே கேட்டுக்கொள்ளட்டும்: ‘நாம் பேசாதிருப்பதால் நம் பாரத்தை இன்று சுமந்துகொண்டிருப்பவர் யாரேனும் உண்டா?’

உண்டு என்று உள்ளம் சொல்லுமாயின், தாமதிக்க வேண்டாம். தேதியிட்டுக் கையொப்பமிடுவோம், அந்தத் தோள் சற்றே நிமிரட்டும்.